பளபளப்புப் பிளக்கு

கொடைக்கானல் பஜாரில் ஜமால் முகம்மது கடையில் போய், "இது நல்லா உழைக்குமா பாய்?" என்று கேட்கிறவனைப் போல அசடு கிடையாது. எதைக் கேட்டாலும் "உன் பேரன் காலத்துக்கும் உழைக்கும்" என்பார். இருபது வருஷமாகக் கார் சாமான் வியாபாரத்தைப் பாதி வாயாலேயே ஓட்டிய மனுஷன்.

அன்று வெள்ளனே டாக்ஸி டிரைவர் திருமலைச்சாமி வந்து நின்றான். தன் லாண்ட்மாஸ்டர் காருக்கு மஞ்சள் பனிவிளக்கு ஒன்று வாங்கியிருந்தான். பன்னிரண்டு வோல்ட். அதற்கு வண்டிக்குள் ஒரு சாக்கெட்டும் சொருக ஒரு பிளக்கும் வேண்டும்.

கடையில் இரண்டு தினுசு இருந்தது. ஒன்று நிக்கல் பூச்சு. முகம் பார்த்துத் தலை சீவலாம். சொருகுவது சுலபம், குண்டுங்குழியில் கழன்று விழுவது அதைவிடச் சுலபம். ஏற்கனவே இரண்டு பேர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போயிருந்தார்கள். மற்றது கறுப்பு, பார்க்க அவலட்சணம். ஆனால் பல்பு மாட்டுவது போல அமுக்கித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், எந்த ஆட்டத்துக்கும் அசையாது. அதில் கடைசியாக ஒரு ஜோடிதான் மிச்சம். ஆடலூர் எஸ்டேட்காரருக்கென்று ஜமால் அதை மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டு, பளபளப்பை எடுத்து நீட்டினார்.

"மாமா, மலை ரோடு. ஆட்டத்துல கழண்டுக்கிறாதுல்ல?"

"நீ கழண்டாலும் இது கழலாது மாப்ள!"

திருமலை கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினான். யாருக்குச் சவாரி, எங்கே என்று கேட்க ஜமாலுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கலாமா? அதுவும் மலை இறங்குகிற டிரைவரை? சகுனத்தடை என்று வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அதனால் வாயை மூடிக்கொண்டார். ஆயுசில் அவர் வாயை மூடிய ஒரே சமயம் அதுதான், அதுவும் தப்பான சமயம்.

மதியம் மனைவி ரபியா சோறு கொண்டுவந்தாள்.

"என்னாங்க, இன்னைக்குக் கடைய வெரசா அடைச்சுட்டு வாங்க. ஃபக்ருன்னிசா பொழுதுக்குள்ள வந்துருவா."

மகளுக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதம். தாய் வீட்டுக்கு வருகிறாள்.

"நாளைக்குப் பஸ்ஸுலதான வர்றதாப் பேச்சு?"

"எட்டு மாசக்காரிய பஸ்ஸுல குலுக்கிக் கொண்டாரச் சொல்றீங்களா? உங்ககிட்டச் சொன்னா டாக்ஸிச் செலவான்னு குதிப்பீங்கன்னுதான் சொல்லல. கொடை ரோடு ஸ்டேஷனுக்கு நம்ம திருமலை வண்டிய அனுப்பிருக்கேன்."

ஜமால் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். வெளியே எட்டிப் பார்த்தார். எதிர்க்கடைப் பலகையே தெரியவில்லை, அப்படி ஒரு பனி.

"என்னாங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

டிராயரைத் திறந்து கறுப்பு ஜோடியை எடுத்தார், திருப்புளியை எடுத்தார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். பூண்டியிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிவந்த லாரி ஒன்று மலை இறங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதில் ஏறினார். பெருமாள்மலை வந்ததும் லாரிக்காரர் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல நமக்கு ஆகாதுங்க. ரோடு எங்க கெடக்குன்னே தெரியல."

டீக்கடை ஓரமாக நின்றார் ஜமால். எத்தனை வளைவு, எத்தனை பள்ளம்! விளக்கு ஒரு நிமிஷம் போனால் போதுமே. யா அல்லாஹ், என் பொய்யை என் பிள்ளை தலையில் இறக்கிவிடாதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பஸ் ஊர்ந்து வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மணி நேரம்.

அப்புறம் வளைவுக்குக் கீழே மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. அணையவில்லை, நடுங்கவில்லை. ஜமால் கையை விரித்துக்கொண்டு நடுரோட்டுக்கே ஓடினார்.

"மாமா! வண்டிக்கு அடியில விழுகவா வந்தீங்க?" என்று பிரேக்கை மிதித்தான் திருமலை.

பின்சீட்டில் ஃபக்ருன்னிசா கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "அத்தா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் ஜமாலுக்கு மூச்சே வந்தது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் ஓயவில்லை.

உள்ளே குனிந்து பார்த்தார். பிளக்கு பாதி வெளியே வந்து கிடந்தது. அதையும் சாக்கெட்டையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்று மஞ்சள் கயிறு இறுக்கிப் பிடித்திருந்தது.

"புதுச் சாமான் எது மாட்டினாலும் அடிவாரத்துக் கருப்பசாமிகிட்டக் கயிறு கட்டாம நான் மலை ஏறமாட்டேன்ல மாமா," என்றான் திருமலை. "உங்க சரக்கு பிரமாதம். ஒரு தடவகூட அணையல."

அந்தப் பாராட்டைத்தான் ஜமாலால் தாங்க முடியவில்லை.

"எஞ்சரக்கு ஓட்டை மாப்ள. தெரிஞ்சுதான் குடுத்தேன். இந்தா, நல்லது இது." திருப்புளியை எடுத்துத் தானே குனிந்து மாட்ட ஆரம்பித்தார். "நம்ம புள்ளைக்குத்தான் சவாரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே!"

பின்சீட்டில் பழம் உரிக்கிற சத்தம் நின்றது.

"அப்ப வேற வீட்டுப் புள்ளையா இருந்தா, அத்தா?"

ஜமால் கறுப்புப் பிளக்கை அமுக்கித் திருப்பினார். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது.

"கடையில இன்னும் ஒம்பது பளபளப்பு கெடக்கு," என்றார் கடைசியில், மகள் முகத்தைப் பார்க்காமலே. "வழியில கடைகிட்ட நிறுத்து மாப்ள. அத்தனையும் குப்பையில போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன்."