நொண்டிய நல்ல கால்

இடது முழங்காலில் மூன்று ஆபரேஷன், நடுவில் மஞ்சள்காமாலை வேறு. எல்லாவற்றையும் தாண்டி நெட்டையன் மறுபடி கூடைப்பந்து ஆட வந்ததும், ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத கிளப் மேனேஜர் கேமராக்காரரோடு வந்து நின்றார். விடாமுயற்சியைப் படம் பிடிக்கப்போகிறாராம்.

"முழங்கால் பட்டையை வலது கால்ல மாட்டுப்பா. கொஞ்சம் நொண்டு."

"அடிபட்டது இடது கால் சார்."

"யாருக்குத் தெரியப்போகுது? வலது பக்கம் நின்னு எடுத்தாத்தான் ஸ்பான்சர் போர்டு படத்துல விழுது."

நெட்டையன் பட்டையை மாற்றி மாட்டிக்கொண்டு, நல்ல காலை இழுத்து இழுத்து நடந்தான். மேனேஜர் வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அந்த முழங்காலைத் தடவிக்கொடுத்தார்.

"இந்தக் கால் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்."

கேமரா நெட்டையன் பக்கம் திரும்பியது.

"ஆமாங்க," என்றான் அவன். "இந்தக் கால் பட்ட பாடு இவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே தெரியாது."