இடப்பக்கத்து நர்ஸ்

எங்கள் நரம்பியல் வார்டுக்கு இடப்பக்கம் கிடையாது. என்னை வேலைக்கு எடுத்தது அந்த இடப்பக்கத்துக்குத்தான்.

மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைத்துப்போனவர்கள் படுக்கும் வார்டு அது. அவர்களுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனால் இடப்பக்கம் பார்க்கத் தோன்றாது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, சாப்பாடு பற்றவில்லை என்பார்கள். வலது கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு கண்ணாடியில் அழகு பார்ப்பார்கள். நோயாளியை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரியின் கொள்கை. அதனால் நிர்வாகம் வார்டின் நடுவே ஒரு மஞ்சள் கோடு போட்டு, இடப்பக்கத்தை ரத்து செய்துவிட்டது. கட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையைப் பார்த்துக் கிடக்கும். கோடு அவற்றின் மேல் ஏறி இறங்கிப் போகும்.

நேர்முகத் தேர்வில், "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?" என்று கேட்டார்கள். "யாராவது என்னைப் பார்க்கிற இடத்தில்" என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அவர்களும் சந்தோஷப்பட்டு என்னை இடப்பக்கத்தில் போட்டார்கள்.

அங்கே வேலை கடினமில்லை. நோயாளிகளின் இடது கையையும் இடது காலையும் கழுவித் துடைக்க வேண்டும். மடங்கிப்போகாமல் தலையணை வைக்க வேண்டும். கட்டிலுக்கு வெளியே தொங்கினால் எடுத்து உள்ளே போட வேண்டும். சில நேரம் அவர்கள் தங்கள் இடது கையைத் தொட்டுப் பார்த்து, இது யாருடைய கை, எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்று கத்துவார்கள். நான் பதில் சொன்னாலும் கேட்காது. தட்டின் இடது பாதியில் மிஞ்சும் சாப்பாடு எனக்கு. நான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லவில்லை. சேர்ந்தபோது தைத்த யூனிஃபார்மை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன்.

பிரச்சினை கடிகாரத்தில் இருந்தது. நோயாளிகள் கடிகாரம் வரைந்தால் பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதுவார்கள். வார்டுச் சுவரிலும் அப்படி ஒன்றையே செய்து மாட்டியிருந்தார்கள். இடது பாதியில் வெறும் வெள்ளை. அதனால் இடப்பக்கத்தில் நேரம் போகாது. நேரம் போகாததால் எனக்கு அனுபவமும் சேரவில்லை. செருப்பு தேய்ந்து மாற்றினேன், மாற்றியதும் தேய்ந்தது. அப்போதும் நான் புது நர்ஸ்தான்.

அம்மா ஊரிலிருந்து போன் போட்டால் விடமாட்டாள். "ஒங்கூட படிச்ச ரெஜினா சவுதிக்குப் போயிட்டாளாம் சுகிர்தா. நீ எப்பதாண்டி பெரிய சிஸ்டரு ஆவ?"

"அதுக்கு மொதல்ல நான் தெரியணும்மா."

"நல்லாத் தெரியறாப்புல போய் நில்லு."

நின்றேன். பதவி உயர்வுக்கான வழி அது ஒன்றுதான். ஒரு நோயாளியின் கண்ணில் பட்டால் போதும், கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய்விடலாம். ஒருவர் ஒருமுறை திரும்பினால் ஒருவருக்குத்தான் அனுமதி. வார்டு இன்சார்ஜ் பங்கஜவல்லி சிஸ்டர் அப்படி வந்தவர்தான். நான் சேர்ந்த அன்று அவர் மருந்து அலமாரியைப் பார்த்து, "யாராவது புதுசா வந்திருந்தா, கண்ணுல படுற மாதிரி வேலை பாருங்கம்மா" என்றார். நான் அவருக்கு நேர் பின்னால், இடப்பக்கத்தில் நின்றிருந்தேன்.

என் திட்டம் பெரிது. முதலில் வலப்பக்கம், பிறகு நரம்பியல் சிறப்புப் படிப்பு, பிறகு இன்சார்ஜ், கடைசியில் நர்ஸிங் கண்காணிப்பாளர். இதற்காகச் சிவப்பு ரிப்பன் கட்டிப் பார்த்தேன். பாடிப் பார்த்தேன். ஒரு தாத்தாவின் இடது காதருகே தட்டை ஓங்கித் தட்டினேன். அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். பக்கத்துக் கட்டில்காரர் விழித்து, யார் அது என்று வலப்பக்கம் தேடினார்.

அப்போதுதான் இசக்கிமுத்து அண்ணாச்சி வந்து சேர்ந்தார். பஸ் டிரைவர். தென்காசி ரூட்டில் ஓடிக்கொண்டிருந்தவர், ஒருநாள் காலையில் சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். அவர் மனைவி பொன்னுத்தாய் தூக்குச்சட்டியோடு தினமும் வந்தாள். மாடிப்படி இடப்பக்க வாசலில்தான் முடிகிறது. எனவே பார்வையாளர்கள் எல்லோரும் இடப்பக்கத்தார்தான், அவர்களுக்கும் அதே விதிதான். அவள் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அண்ணாச்சி வலப்பக்கம் திரும்பி இன்சார்ஜ் சிஸ்டரிடம் புலம்புவார். "எம்பொண்டாட்டி ஒருநாளாவது எட்டிப் பாத்தாளா சிஸ்டர்? படுத்துட்டேம்னதும் கைய கழுவிட்டா பாத்தியளா."

"நா இங்கதான இருக்கேன்" என்று பொன்னுத்தாய் என்னிடம் சொல்வாள். அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அவர் உடனே, யாரோ கையை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று புகார் சொல்வார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் நெருங்கியது. மனைவி வராததால் கடையநல்லூரில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடப்போவதாக அண்ணாச்சி முடிவு செய்தார். தங்கைக்கும் தகவல் போய்விட்டது. பொன்னுத்தாய் அன்றைக்குத் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை.

"பஸ் ஓட்டயில அவரு இடப்பக்கம் பாப்பாரா?" என்று கேட்டேன்.

"பாக்காம? ஏறுதது எறங்குதது எல்லாம் அந்தப் பக்கந்தான. கண்டக்டரு விசில் சத்தம் கேட்டா போதும், தூக்கத்துலகூட இடது கண்ணாடியப் பாப்பாரு."

மறுநாள் அவள் ஒரு விசில் கொண்டுவந்தாள். அவரோடு ஓடிய கண்டக்டரிடம் கேட்டு வாங்கியதாம். ஆனால் ஊத மாட்டேன் என்றாள். "பொம்பள விசிலடிக்கதா? நீயே அடி தாயி." அவள் தலையை வாரிவிட்டு, முகத்தைத் துடைத்து, ஸ்டூலை நேராகப் போட்டு உட்காரவைத்தேன். பிறகு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே நின்றால்தான் சத்தம் நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். விசில் அடித்தவரைத்தான் அவர் பார்ப்பார் என்பது எனக்கும் தோன்றியது. தோன்றியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு விசில் அடித்தேன். அண்ணாச்சியின் தலை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது.

"ஏத்தா, நடுரோட்டுல நிக்க? ஓரமா நில்லு" என்றார்.

அவ்வளவுதான், நான் தெரிந்துவிட்டேன். பங்கஜவல்லி சிஸ்டர் தோளைத் தொட்டு, "புது நர்ஸா? வாம்மா" என்று கூட்டிப்போனார். இடப்பக்கத்துப் பொருள் எதையும் கோட்டைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. விசிலைப் பொன்னுத்தாயின் மடியில் போட்டுவிட்டுப் போனேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தாண்டிய பிறகு பார்க்கவும் முடியவில்லை. வலப்பக்கத்துக்கு வந்தவர்களுக்கு இடப்பக்கம் கிடையாது.

வலப்பக்கத்தில் மின்விசிறி இருந்தது, நாற்காலி இருந்தது, நேரம் இருந்தது. எண்கள் நெருக்கமாக இருந்ததால் நேரம் விறுவிறுவென்று ஓடியது. முதல் டீ குடிப்பதற்குள் எனக்கு ஒரு வருட அனுபவம் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சிக்கு பி.பி. பார்க்கப் போனேன். அவர் திரும்பிய தலையை மறுபடி வலப்பக்கம் கொண்டுவந்திருந்தார்.

"நீயாவது சொல்லு தாயி. எம்பொண்டாட்டி வந்தாளா?"

இடப்பக்கம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் இருக்கவும் முடியாது.

"வரல அண்ணாச்சி" என்றேன். விதிப்படி அது பொய்யில்லை. இல்லாத பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

அதன் பிறகு ஒரு விசில் கேட்டது. பழக்கமில்லாத விசில், பாதி எச்சிலும் பாதிக் காற்றுமாக.

அண்ணாச்சி திரும்பினார்.

"அடியே, அங்கனயா இருந்த?"

"இங்கனதான் இருக்கேன். நீங்கதான் அங்கிட்டே பாத்துக்கிட்டு இருந்திய."

விதிப்படி பொன்னுத்தாய் இப்போது கோட்டைத் தாண்டி வலப்பக்கம் வரலாம். அவள் வரவில்லை. அவர்தான் நகர்ந்தார். கட்டிலின் இடப்பக்கத்துக்கு நகர்ந்ததும் அவர் என் பார்வையில் இல்லை. விசில் கேட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்து, கட்டில்கள் காலியாயின. பிறகு இரண்டு விசில். கியர் விழும் சத்தம் கேட்டது. கியர் போடுவது இடது கை. அந்தக் கையை நான் எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன்.

வார்டின் இடப்பக்கம் மெதுவாகக் கிளம்பியது.

"தென்காசியா? எங்க ஊர் வழியாத்தான் போகும்" என்று சொல்லி, பங்கஜவல்லி சிஸ்டர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் ஓடிப்போய் ஏறிவிட்டார். சாவிக்கொத்தை மட்டும் என் பக்கம் வீசினார். அப்படி நான் இன்சார்ஜ் ஆனேன். மதியத்துக்குள் அனுபவம் இன்னும் சேர்ந்து கண்காணிப்பாளரும் ஆகிவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒனக்குக் கீழ எத்தன பேரு?" என்றாள்.

"யாரும் இல்லம்மா."

"பேஷண்டு?"

"அவங்களும் இல்ல."

"அப்ப வேலை லேசுதான்" என்றாள்.

லேசுதான். என் கைக்குத்தான் வேலையில்லை. பாதிக் கட்டில்களைத் தட்டிப்போட்டேன். அண்ணாச்சியின் இடது கைக்குத் தலையணை வைக்க அங்கே யாருக்குத் தெரியும் என்று கவலையாக இருந்தது. மாலை டிரிப்பில் வார்டு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போனது. வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டினேன். அது நிற்கவில்லை. நான் நின்றது அவருக்கு வலப்பக்கம். இப்போது அவருக்கு அந்தப் பக்கம் கிடையாது.

அடுத்த டிரிப்புக்குள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஓரமாகத்தான் நின்றேன். கையை நீட்டினேன். ஒரு விசில் கேட்டது, வார்டு நின்றது.

"ஏறு, ஏறு. உள்ள போ" என்றார் அண்ணாச்சி. இடது கை கியரின் மேல் இருந்தது. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன.

பொன்னுத்தாய் தோளில் தோல்பையோடு வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புதுசா?" என்றாள்.

"ஆமா, புதுசு."

பாதி வார்டு என்பதால் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். நான் முன்னால் போய், அண்ணாச்சியின் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தேன். தன் கைக்கு இதமாக இருப்பதாக அவர் சொன்னார்.

இந்த வார்டில் நர்ஸுக்கு அடுத்த பதவி கண்டக்டர், அதற்கும் அடுத்தது செக்கிங் இன்ஸ்பெக்டர். எனக்கு விசிலடிக்கத் தெரியும் என்று ஆலங்குளம் தாண்டும்போது பொன்னுத்தாயின் காதில் போட்டு வைத்தேன்.

"நீ அடிச்சத நானும் பாத்தம்லா" என்றாள். "யோசிச்சுச் சொல்லுதேன்."