பேர் வெட்டின டப்பா

பல மைல் தள்ளி இளையரசனேந்தலில் மழை விழுந்தால், சங்கரன்கோவிலில் தறி ஓட்டிக்கொண்டிருந்த சண்முகையா மூக்கைத் தூக்கி, "ஒரு உழவு மழை. கம்மாய்க்குத் தண்ணி வராது" என்பார். மறுநாள் பஸ்ஸில் வருகிறவர்களும் அதையே சொல்வார்கள். ஒரே ஒரு தடவை இரண்டு உழவு என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மழைதான் தப்பாகப் பெய்திருந்தது.

அப்பேர்ப்பட்ட மூக்கு, அவருடைய எழுபத்தொன்றாம் வயதில், பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கரியானபோது சும்மா இருந்தது. மனைவி பொன்மணி அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். சளி, காய்ச்சல், வயசு, எதனாலும் வாசனை போகலாம். சிலருக்கு மட்டும் ஞாபகமறதி வருவதற்கு முன்னால் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டரம்மா. தினம் இருவேளை நாலு சாமான்களை மோந்து பழகிவிட்டு, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

சண்முகையாவுக்கு ஞாபகமறதி என்றது மட்டும்தான் காதில் விழுந்தது. அவருடைய அண்ணன் கடைசிக் காலத்தில் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீய?" என்று மரியாதையாகக் கேட்டவர்.

மறுநாளிலிருந்து பொன்மணி அவர் கண்ணைத் துண்டால் கட்டி, எவர்சில்வர் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள். கிராம்பு, காப்பித்தூள், சூடம், பெருங்காயம். மூன்று வாரமும் நாலுக்கு நாலு சரியாகச் சொன்னார்.

இருபத்திரண்டாம் நாள் காப்பித்தூள் டப்பாவை வாங்கி ஆழமாக இழுத்தார். "காப்பித்தூள். சிக்கரி தூக்கலா இருக்கு. கடைக்காரன் நம்மள ஏமாத்துதான்."

"டப்பா காலி" என்றாள் பொன்மணி. "பெருவிரல் எங்க மேயுதுன்னு மூணு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

எல்லாம் விசேஷத்துக்கு வந்த டப்பாக்கள். கொடுத்தவர் பேர் வெட்டியிருக்கும்; விரலால் தடவினாலே தெரியும். எந்தப் பேருக்குள் எந்தச் சாமான் என்று முதல் நாளே பார்த்துவைத்திருந்தார்.

துண்டை அவிழ்க்காமலே சொன்னார்: "ஒரு வாசனையும் தெரியலட்டி. அண்ணன் மாதிரி ஆயிருவேன்னு நீ பயந்துருவியேன்னுதான்."

"நானா பயந்தேன்?" அவர் கையிலிருந்த டப்பாவைத் தட்டினாள். "இந்த டப்பா யாரு குடுத்தது?"

"முகம்மது மைதீன். நம்ம கல்யாணத்துக்கு. குடுத்துட்டு மூணு பந்தியில உக்காந்தாரு. பெருங்காய டப்பா செண்பகவல்லி மதினி, மூத்தவ காதுகுத்துக்கு. அன்னைக்கே மூடி இறுக்கம்."

"நாலு டப்பா பேரும் மாறாம ஞாபகம் வச்சிருக்கீய. இதையும் டாக்டரம்மாகிட்ட சொல்லணும், மூக்கு வேலை செய்யலங்கதையும் சொல்லணும். ரெண்டும் தெரிஞ்சாத்தான அவுக பாக்க முடியும்?"

சாயங்காலம் ஒரே அளவில் நாலு கண்ணாடிப் பாட்டில்கள் வந்தன. முதல் பாட்டிலை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். ரொம்ப நேரம் மோந்தார்.

"ஒண்ணுந் தெரியல" என்றார். கூட எதையும் சேர்க்கவில்லை.

பொன்மணி அதை அப்படியே நோட்டில் எழுதினாள்.

"அடுத்ததக் கொண்டா" என்றார்.