அரை பாட்டில் மண்ணெண்ணெய்

சாமியாத்தாளுக்கு இடுப்பு வலி புதிது இல்லை. நஞ்சன்கூடு துணிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் எழுந்திருக்காமல் தைத்துச் சேர்த்த ஒரே சொத்து அது. அன்று காலை வலி இடது கால்வரை இறங்கியிருந்தது. விடிந்ததிலிருந்து, முந்தாநாளே நின்றுபோன தையல் மெசினின் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகிப் பார்த்தாள். மயிரளவுகூட அசையவில்லை.

குடியரசு தினத்து ஆட்டத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடை, மொத்தம் இருபத்திரண்டு. பதினாலு முடிந்துவிட்டது. எட்டு மிச்சம். கம்பெனியை விட்டபின் கிடைத்த முதல் பெரிய வேலை. கடைக்காரி உமாதேவி போனில் சொல்லிவிட்டாள்:

"ஆறு மணிக்குள்ள வரலேன்னா மிச்சத்தைப் பொன்னம்மாவுக்குக் குடுத்துடுவேன். இனிமே உனக்கு வேலையும் இல்ல, அஷ்டே, அவ்வளவுதான்."

வேலை போனால் மறுபடி காலை ஆறு மணி கம்பெனி பஸ். அந்த நாற்காலியில் இந்த இடுப்பு இன்னொரு வருஷம் தாங்காது. மெக்கானிக்கோ நாளை மறுநாள்தான் வருவானாம்.

"வருவான், அவனுக்கென்ன," என்று முனகிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கம்பெனியில் மெசின் நின்றால் கையைத் தூக்க வேண்டும், மெக்கானிக் வருவான். தைப்பவள் திருகாணியைத் தொடக்கூடாது. ஒன்பது வருஷமும் அவள் தொட்டதில்லை, அவன் செய்வதைப் பார்த்ததோடு சரி.

வாரைக் கழற்றினாள். ஊசியை எடுத்தாள். தகட்டைத் திறந்தால், துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் நூல் பிசிறு மெத்தை போல அடைந்து கிடந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் சுரண்டி எடுத்தாள். பாபின் பெட்டியையும் துடைத்தாள். சக்கரம் அசையவில்லை. உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது, மண்ணெண்ணெய் விட்டால்தான் இளகும்.

அந்தத் தெரு முழுக்க கேஸ் அடுப்பு. பம்ப் ஸ்டவ் வைத்திருப்பது வண்டியில் இட்லி விற்கும் பாப்பாயி ஒருத்திதான். அந்தப் பாப்பாயியைத்தான் நேற்றுக் காலை குழாயடியில், குடத்தோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும், "இட்லி வண்டிக்குத் தார்ப்பாய் தெக்கறேன்னு இரவல் வாங்கி என் மெசினை ஒழிச்சுப்போட்ட, கை வெளங்குமா உனக்கு" என்று கேட்டிருந்தாள். பாப்பாயி பாதிக் குடத்தோடு போய்விட்டாள்.

சாமியாத்தாள் காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும்."

பாப்பாயி மாவுக் கையைக் கழுவவில்லை. "எதுக்கு? என்னைக் கொளுத்தவா?"

"மெசினுக்குக்கா."

"அடி ஆத்தா! ஒடச்சதும் நானு, எண்ணெய் ஊத்தறதும் நானா?" என்றாள். ஆனாலும் கேனைச் சாய்த்தாள். பாட்டில் பாதி நிறைந்ததும் நிறுத்திக்கொண்டாள். "போ. ஆறு மணிக்குக் குடுக்கோணுமாமே. தெருவுக்கே கேட்டுச்சு நீ போன்ல கத்துனது."

வீட்டுக்கு வந்து மெசினின் மேல்பக்கத்துத் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டாள். உள்ளே இறங்கவில்லை, வழிந்து ஓடியது. யோசித்துப் பார்த்தால், மூன்று மாதமாக எண்ணெயும் இப்படித்தான் வழிந்தது. நிறைந்துவிட்டது என்று துடைத்துவிட்டிருக்கிறாள்.

குண்டூசியால் துளையைக் குத்தினாள். முதலில் கறுப்பாய் ஏதோ உதிர்ந்தது. பிறகு சிவப்பு. அதன்கீழ் மஞ்சள். விரலில் வைத்துத் தேய்த்தாள். மண்ணெண்ணெய் நாற்றத்தையும் மீறிச் சந்தனம் மணத்தது.

தசராவில் ஆயுத பூஜை அன்று மெசினைத் துடைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்தவள் அவள்தான். வரிசையாய் இருந்த துளைகள் பொட்டுக்கென்றே போட்டது போலிருக்க, ஒவ்வொன்றிலும் சந்தனத்தைக் கெட்டியாய் அப்பி அதன்மேல் குங்குமமும் வைத்தாள். மறுநாள் மேலே துடைத்தாள். உள்ளே போனது உள்ளேயே காய்ந்துவிட்டது. எண்ணெய் காணாத மெசின் மூன்று மாதம் ஓடியதே பெரிது.

 பிறகு ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தாள். மண்ணெண்ணெய் விட்டாள், சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினாள். உள்ளங்கை கன்றியது. பதினோரு மணிக்குச் சக்கரம் கால் சுற்று வந்தது. பன்னிரண்டுக்கு முழுச் சுற்று. கறுப்பாய் வழிந்ததையெல்லாம் துடைத்து, மெசின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கந்தல் துணியில் கறை நிற்கும்வரை ஓட்டினாள். அப்புறம் பதினைந்தாவது பாவாடை தொடங்கி இடுப்பை மறந்தாள்... இல்லை, மறக்கவில்லை, வலிக்க விட்டுவிட்டுத் தைத்தாள்.

நாலரைக்குக் கடைசிப் பாவாடைக்கு நாடா கோக்கும்போது பாப்பாயி வாசலில் நின்றாள்.

"ஓடுதாட்டம் இருக்குது?"

"ஓடுதுக்கா."

"என்ன கோளாறாம்?"

சாமியாத்தாள் நாடாவை விடவில்லை. "சந்தனம். பூசைக்கு நான் வெச்சது. ஓட்டையை அடைச்சுப்போட்டுது. உங்க மேல ஒண்ணுமில்லக்கா."

பாப்பாயி சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இதை எங்கிட்ட வந்து சொல்ற? எனக்குத்தான் நேத்தே தெரியுமே. குழாயடியில சொன்னியே, அங்க சொல்லு."

சாமியாத்தாள் பாவாடைகளை மூட்டை கட்டி பஸ் ஏறினாள். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கடையில் வைத்தாள். உமாதேவி எண்ணினாள், தையலை இழுத்துப் பார்த்தாள், தைக்க வேண்டிய அடுத்த துணிக் கட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். நாளைக் காலை வரும் முறை. பாப்பாயிக்கு அரை பாட்டில் மண்ணெண்ணெய் பாக்கி. அத்தனை குடங்களுக்கு முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பும் பாக்கி.