இவர் எனக்கு என்ன முறை?

எச்சில் துப்புறதுக்குக் காசா? சுப்ரமணியனுக்கு அதுதான் தாங்கல. "இந்த ஊர்ல பான் போட்டுக்கிட்டு ரோடு முழுக்க ஓசியிலயே துப்புறான். நீ என்னடான்னா ஆயிரக்கணக்குல கட்டித் துப்பச் சொல்ற!"ன்னு மகளைப் பிடிபிடின்னு பிடிச்சார். ஊருக்கு அந்தக் கோடியில, பாணேர்ல ஐ.டி. வேலையில இருக்கிற ஸ்ரீவித்யா அசைஞ்சு கொடுக்கல. அப்பா அம்மா கல்யாண நாளுக்கு அவ வாங்கின பரிசு அது. குழாய்ல துப்பி அனுப்பினா, உலகத்துல யார் யார் நமக்கு ரத்த சொந்தம்னு கம்பெனிக்காரன் ஆன்லைன்லயே சொல்லிடுவானாம்.

முனகிக்கிட்டே அவரும் துப்பினார். அவர் மனைவி சரசா மறுபேச்சு பேசாம துப்பிக் கொடுத்துட்டா. அவளுக்கு அது விளையாட்டு இல்ல. கோர்படி ரயில்வே காலனி ரத்தினமும் அவர் சம்சாரமும் அவளை வளர்த்தவங்க, பெத்தவங்க இல்ல. ஆஸ்பத்திரியில யாரோ விட்டுட்டுப் போன பிள்ளை. அறுபது வயசாகியும், பெத்த மகளைத் தவிர நம்ம ரத்தம்னு சொல்லிக்க ஒரே ஒரு ஆளாவது இருக்கமாட்டாங்களான்னு மனசு கிடந்து அடிச்சுக்கும்.

ரிசல்ட் வந்த அன்னிக்கு ஸ்ரீவித்யா போனைத் தூக்கிக்கிட்டுக் குதிச்சா. "அம்மா! உனக்கு ஒரு மேட்ச் வந்திருக்கு. யாரு தெரியுமா? அப்பா! நீங்க ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் கசின்ஸ்! சோ ஸ்வீட் நா?"

சரசா போனைப் பிடுங்கிப் பார்த்தா. "கசின்னா? மாமா பொண்ணா, சித்தி பொண்ணா?"

"எல்லாம் கசின்தானேம்மா!"

எல்லாம் ஒண்ணா? நல்ல கதையா இருக்கே! வெள்ளைக்காரனுக்கு வேணும்னா ஒண்ணா இருக்கட்டும். நமக்கு மாமா பொண்ணுன்னா தாலி கட்டுற உரிமை இருக்கு. சித்தி பொண்ணுன்னா கூடப்பிறந்த தங்கச்சி. இதைக்கூட எழுதத் தெரியாதவன் என்ன கம்பெனி நடத்துறான்?

சுப்ரமணியனோட அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதனால சொந்தம் வந்தா அம்மா பக்கத்துல இருந்துதான் வரணும். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவங்க ரெண்டே பேர்: தம்பி விச்சு, தங்கச்சி செண்பகம். விச்சு மாமா இதே கோர்படியில ரயில்வேல கார்டா இருந்தவர். கடைசிவரைக்கும் கல்யாணமே பண்ணிக்காத மனுஷன், பொம்பளைங்க இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டார்னு பேர். செண்பகம் சித்தியோ, கல்யாணத்துக்கு முந்தி அண்ணன் குவார்ட்டர்ஸ்ல வந்து தங்கி இருந்துட்டு, திடுதிப்புன்னு ஊருக்குத் திரும்பிப் போனவங்க. சரசா பிறந்ததும் அந்தச் சமயத்துலதான். இப்ப ரெண்டு பேருமே உயிரோட இல்ல. கேக்கணும்னாலும் யாரைப் போய்க் கேக்க?

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான், ஆனா வாய்விட்டுச் சொல்ல நாக்கு வரல. ஏசி ஒத்துக்கலன்னு சொல்லி சரசா தன் பாயைப் பூஜை ரூமுக்கு மாத்திக்கிட்டா. காலையில மஞ்சள் பூசும்போது தாலியைத் தொட்டா கை கூசுச்சு. கடவுளே, இத்தனை வருஷம் அண்ணனோடவா குடும்பம் நடத்தினேன், ஒரு பிள்ளையையும் பெத்தேன்னு குமைஞ்சு குமைஞ்சு பாதியா இளைச்சுட்டா. சொந்தம் கேட்டவளுக்கு இப்படியா ஒரு சொந்தம் வரணும்?

கடைசியில சுப்ரமணியனே மகள்கிட்ட போய் நின்னார். "இதுக்கு மேல ஒரு டெஸ்ட் இருக்காமே, எங்க அம்மா வழியும் அவ அம்மா வழியும் ஒண்ணான்னு பார்க்கிறது. என்ன விலைன்னாலும் சரி, கட்டு." செண்பகம் சித்தி பெத்த பொண்ணுன்னா ரெண்டு பேர் தாய்வழியும் ஒண்ணாத்தான் வந்தாகணும், அதுல தப்பவே முடியாது. காய்கறிக்காரன்கிட்ட கொத்தமல்லிக்கட்டு ஓசியில வாங்காம நகராத மனுஷன் பேச்சு இது!

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஸ்ரீவித்யா வந்தா, முகம் தொங்கிப் போயிருந்தது. அம்மா பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "சாரிம்மா. மேட்ச் இல்ல. அப்பாவோட அம்மா வழி வேற, உன்னோட அம்மா வழி சுத்தமா வேற. கொஞ்சம்கூட ஒட்டல."

"ஒட்டலயா? நல்லாப் பாருடி, இன்னொரு தடவை பாரு!"

"பார்த்துட்டேன்மா. நோ சான்ஸ்."

சரசா ஓன்னு அழுதா பாருங்க! ஸ்ரீவித்யா பதறிப் போய்த் தண்ணி எடுக்க ஓடினா. பாவம், அவளுக்கு என்ன தெரியும், அம்மா அழுகிறது சந்தோஷத்துலன்னு.

"கசின்ங்கிறது மாறலயே"ன்னு சுப்ரமணியன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்படின்னா நீ சித்தி பொண்ணு இல்ல"ன்னு மெதுவாச் சொன்னார். "விச்சு மாமா பொண்ணு."

அதுக்கப்புறம்தான் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. 'ஊர் பேர் தெரியாத பொண்ணை எப்படிடா எடுக்கிறது'ன்னு அக்கா மல்லுக்கு நின்னப்போ, ஒத்தைக் கால்ல நின்னு இந்தச் சம்பந்தத்தை முடிச்சு வச்சவரே விச்சு மாமாதான். பொங்கலுக்குப் பொங்கல் அரிசியும் வெல்லமும் கரும்புக்கட்டுமா வாசல்ல வந்து நிப்பார். பிறந்த வீடு பொண்ணுக்குச் செய்யற பொங்கல்படி அது. ரத்தினம் போனபிறகு செய்ய நாதி இல்லையேன்னு இந்த நல்ல மனுஷன் செய்யறார்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. செஞ்சது பெத்த அப்பன்!

யாரைக் காதலிச்சார், அந்தத் தாய் என்ன ஆனா, எதுக்கு மறைச்சார், எதுவும் தெரியாது. அதை எந்தக் கம்பெனியும் சொல்லாது. ஆனா மகள்னு வாய்திறந்து சொல்ல முடியாதவளை, இம்மி முறை தவறாம, தன் அக்கா மகன் கையிலயே பிடிச்சுக் கொடுத்துட்டுப் பக்கத்துலயே இருந்து பார்த்துட்டுப் போயிருக்காரே! அப்பப்பா, ஒரு மனுஷன் நெஞ்சுக்குள்ள இவ்வளவு இடம் இருக்குமா? "ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாமே, அப்பான்னு கூப்பிட்டிருப்பேனே"ன்னு சரசா விசும்பினா.

சுப்ரமணியன் மெல்லக் கேட்டார். "இன்னும் கொஞ்சம் கட்டினா, உன் அம்மா யாருன்னும் தேடிப் பார்ப்பாங்களாம். கட்டட்டுமா?"

சரசா முந்தானையில முகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்தா. பூஜை ரூமுக்குப் போய்ப் பாயைச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்து அவர் முன்னால நின்னா.

"அதையும் தேடுவோம். முதல்ல சாப்பிட வாங்க, அத்தான்."

அறுபத்தஞ்சு வயசு மனுஷன் முகம் குப்புன்னு சிவந்து போச்சு.