அண்ணனின் குடும்ப வண்டி

முதல் வண்டியின் கதவைத் திறந்ததுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சை வாசனை சென்ட்டை யாரோ பாட்டிலோடு கவிழ்த்திருந்தார்கள். அதற்கு அடியிலிருந்து புளித்துப்போன பாலின் நாற்றம் எட்டிப் பார்த்தது. ஸ்டியரிங்கைத் தொட்டால் விரல் ஒட்டியது. பழைய வண்டிக் கடைக்காரன் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, டேஷ்போர்டில் இருந்த கறையைத் தேய்த்துக்கொண்டே பேசினான்.

"டாக்டர் வீட்டு வண்டி மேடம். கண்ணுல ஒத்திக்கலாம்."

"ஒத்திக்கிட்டா அப்புறம் கண் டாக்டர்கிட்ட போகணும்" என்றான் அவள் கணவன், வெளியே நின்றபடியே.

அவனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் இருந்த தாழ்வான காரில் குனிந்து உட்காருவதற்குள் அவன் முகம் வெளுத்துவிடும். அவளோ வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவள். மடிக்கும் கட்டிலையும் உபகரணங்களையும் தூக்கிப் போட இடம் வேண்டும். கொஞ்சம் உயரமான, சின்ன எஸ்யூவி ஒன்று போதும். புதிது வாங்க வக்கில்லை. பழையதில் நல்லதாக ஒன்று கிடைக்காதா என்றுதான் விடுமுறை நாளெல்லாம் அலைந்தார்கள்.

இரண்டாவது வண்டி பார்க்க லட்சணமாக இருந்தது. கண்ணாடி போட்ட, பக்திமான் போலப் பேசுகிற ஒருவருடையது. சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைய வேண்டும் என்று அவள் படித்து வைத்திருந்தாள். இதில் எரியவே இல்லை. மறுபடி திருப்பினாள். இல்லை. கூட அழைத்து வந்த மெக்கானிக் ஸ்டியரிங் மூடியை நெம்பினான். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் பழைய பனியன் துணி சுருட்டி அடைக்கப்பட்டிருந்தது.

"அது எனக்கு முன்னாடி வச்சிருந்தவன் வேலை" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். "நீங்க என்ன இடிக்கவா போறீங்க?"

அன்று வீட்டுக்கு வந்து அவள் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அப்போதுதான் அண்ணன் போன் செய்தான். "ஊர்ப்பட்ட குப்பையைப் பார்த்துட்டு ஏன் சுத்துற? என் வண்டிய எடுத்துக்கோ. நான் பெரிசு ஒண்ணு வாங்கப்போறேன். உனக்குன்னா குறைச்சுத் தர்றேன்."

நம்ம ஆள் என்று ஒருத்தன் இருக்கிறானே என்று கணவனிடம் சொன்னாள். அவன், "பார்த்துட்டு சந்தோஷப்படலாம்" என்று மட்டும் சொன்னான்.

போய்ப் பார்த்தார்கள். சீட் சுத்தம், டயர் புதுசு, ஒரு கீறல் இல்லை. அண்ணன் பாட்டைச் சத்தமாக வைத்து, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினான். இறங்கும்போது அவள் சும்மா பேனட்டில் கை வைத்தாள். கை சுட்டது. இரண்டு சுற்றுக்கு இந்தச் சூடா?

"காலையில எங்கயாவது போனியாண்ணா?"

"இல்லையே, ரெண்டு நாளா எடுக்கவே இல்ல" என்றான் அவன்.

இரவெல்லாம் அது அவளை அரித்தது. அண்ணனைச் சந்தேகப்படுகிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் பணத்தோடு பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. அவள் யாரிடமும் சொல்லாமல் விடிந்ததும் கிளம்பிப் போனாள். எஞ்சினில் கோளாறு இருந்தால் ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான்; அப்போது தானே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டால் மனசு அடங்கிவிடும்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். அண்ணன் லுங்கியோடு வண்டிக்குள் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தான். பின்னால் நீலப் புகை சுவரோரம் சுருண்டு ஏறியது. மூக்கை முந்தானையால் பொத்தியபடி அண்ணி வாசலுக்கு வந்தாள்.

"சமையக்கட்டு பூரா புகை. நேத்தும் இதே கூத்து. அவங்க வர்றதுக்கு முன்னாடி சூடு பண்ணினா போதாதா, இவ்வளவு சீக்கிரமாவா..." என்றவள், கேட் அருகே நின்ற நாத்தனாரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் எஞ்சினை அணைத்தான். முகத்தில் அடிபட்டவன் போல இருப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். சின்ன வயதில் அவள் பங்குத் தின்பண்டத்தையும் தின்றுவிட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு.

"எல்லா வண்டியும் காலையில கொஞ்சம் இருமும்மா."

"வொர்க்‌ஷாப்ல என்ன சொன்னாங்க?"

"அவனுங்க எஞ்சினையே இறக்கணும்பானுங்க. காசு புடுங்குறதுக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வாங்குவியா?" அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். "வெளியாளுக்கு வித்தா வீட்டுக்கு வந்து சண்டை போடுவான். நீன்னா அனுசரிச்சுப் போயிடுவ."

அதைக் கேட்டதும் அவளுக்குப் புளித்த பாலும் பனியன் துணியும் எவ்வளவோ மேல் என்று பட்டது. அவர்கள் யாரோ. இவன், முதுகு சரியில்லாத அவள் கணவன் நடுரோட்டில் நின்று தவிப்பான் என்று தெரிந்தும் டயரைப் புதிதாக மாற்றி வைத்திருக்கிறான். அவள் திரும்பி நடந்தாள். தலைமுடியெல்லாம் அந்தப் புகை நாற்றம்.

மத்தியானமே அம்மா கூப்பிட்டாள். "அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும். வெளியில சொல்லிட்டுத் திரியாத. அவன் மனசு நொந்துபோயிருக்கான்."

"அவனுக்கா?" என்று கேட்டு போனை வைத்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். பழைய வண்டி விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த கணவன் போனை அவளிடம் நீட்டினான். அண்ணனின் வண்டி, பளபளவென்று. கீழே எழுதியிருந்தது: 'குடும்ப வண்டி. என் சொந்தத் தங்கச்சிக்குக் கொடுக்க வைத்திருந்தது. அவசரத் தேவைக்காக விற்கிறேன்.' ஏழெட்டுப் பேர் விலை கேட்டிருந்தார்கள். ஒருவர், கைக்குழந்தை இருக்கிறது, நம்பி எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். 'என் தங்கச்சிக்கே தரும் வண்டி சார்' என்று அண்ணன் பதில் போட்டிருந்தான்.

அவளுக்கு வாயில் உமிழ்நீர் கசந்தது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள். பிறகு கீழே எழுதினாள்: 'நான்தான் அந்தத் தங்கச்சி. விடிகாலையில், சொல்லாமல் போய், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள்.'

"போட்டுடட்டுமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"பத்து மணிக்குப் போகாதீங்கன்னும் சேர்த்துக்கோ."

விளம்பரம் அன்று மாலையே காணாமல் போனது. அண்ணனும்தான்; போனை எடுப்பதில்லை, விசேஷங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

கடைசியில் அவர்கள் வாங்கியது ஒரு தையல்காரரின் வண்டி. மங்கிய சாம்பல் நிறம், கதவில் நெளிவு. மனிதர் எடுத்த எடுப்பிலேயே, "ஏசி சுமார்தான். பின்கதவுக் கண்ணாடி இறக்கினா பாதியில நிக்கும். எஞ்சினை நீங்களே பார்த்துக்கோங்க" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்து, எடுக்கலாம் என்றான். கணவன் குனியாமல் ஏறி உட்கார்ந்து, நீளமாக மூச்சு விட்டான்.

அம்மா முதல்முறை அதில் ஏறியபோது, முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள்.

"உங்க அண்ணன் வண்டியில ஏசி ஜில்லுனு இருக்கும்" என்றாள்.

மகள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டினாள்.