கம்பம் காலியாக நிற்கக் கூடாது

பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்கு முதல் பாடம், ஆசையை முகத்தில் காட்டாதே என்பது. ஆர்வில் டாகெட் இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாடத்தில் மட்டும் தேறவே இல்லை. லெக்ஸிங்டன் நகரத்தில் பல் பிடுங்கிச் சம்பாதித்ததையெல்லாம் கென்டக்கி மலைப்பக்கம் கொண்டுவந்து, கொட்டகைக் கூரையில் நிற்கிற தகரச் சேவலிலும் யாரோ குடியானவன் செதுக்கிய மர வாத்திலும் கொட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. அன்று மதியம் வெர்லீன் ஸ்டாம்பரின் தோட்டத்தில் காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தவர், கதவைத் திறப்பதற்கு முன்பே பர்ஸை எடுத்துவிட்டார்.

இருபதடிக் கம்பத்தின் உச்சியில் ஒரு மரமனிதன் கட்டை அறுத்துக்கொண்டிருந்தான். காற்று விசிறியைச் சுற்ற, விசிறி கம்பியை இழுக்க, அவன் குனிந்து நிமிர்ந்து அறுக்கிறான். வெர்லீனின் தாத்தா செய்த காற்றாடி அது. அறுபது வருடமாக அறுத்தும் கட்டை துண்டாகவில்லை. ஆர்வில் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். தொப்பியில் சிவப்பு உரிந்த இடத்தில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள். எல்லாம் பழைய பூச்சு, யாரும் சுரண்டவில்லை, மேலே புதுச் சாயம் பூசிக் கெடுக்கவில்லை. இப்படி ஒன்று இனி தன் ஆயுளில் அகப்படாது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

எண்ணூறு டாலர் என்றார். டிராக்டர் பழுது பார்க்கிற வெர்லீன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி, பணத்துக்கு என்ன, லூயிவில் வியாபாரி கிளெட்டஸ் அதற்கு மேலேயே தருவதாகப் போனில் சொன்னார், மூன்று மணிக்கு லாரியோடு வருகிறார் என்றாள். கிளெட்டஸை ஆர்விலுக்குத் தெரியும். நல்ல பொருள் எங்கே இருந்தாலும் அந்த ஆள் ஒருநாள் முன்னதாகப் போய்விடுகிறவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

"பணம் பேச்சே இல்ல, பல்லு டாக்டரே," என்றாள் வெர்லீன். "செர்ரி பழுக்குற நேரம். கம்பம் காலியா நின்னா குருவிக் கூட்டம் பந்திக்கு உக்காந்துரும். எனக்கு அங்க ஒண்ணு சுத்தணும், மினுக்கணும், சத்தம் போடணும். மூணு மணிக்குள்ள அப்படி ஒண்ணு மேல சுத்துச்சுன்னா இந்த ஆள இறக்கி உங்ககிட்டயே தர்றேன்."

கடையில் வாங்கி வருகிறேன் என்றார். போகவர நான்கு மணி நேரம் என்று அவள் சிரித்தாள். பிறகு சந்தையில் மாட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல் அவருடைய காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஞாயிறு தவறாமல் அவர் கழுவித் துடைக்கிற கார்.

"வீல் கப்பு நல்லா பளபளன்னு இருக்கே," என்றாள்.

சக்கரத்தை மூடுகிற நான்கு வீல் கப்பும் ஐந்து நிமிடத்தில் கழன்றன. ஆர்விலே முட்டி போட்டு நெம்பி எடுத்தார். பக்கத்துக் கண்ணாடியையும் அவள் கேட்பதற்குள் கழற்றிக் கொடுத்தார். கழற்றும்போது வலிக்கும் என்று நினைத்தார், வலிக்கவில்லை. சுற்றுவதற்கு வேண்டுமே என்று வெர்லீன் யோசித்தாள். யோசித்தபடியே காரின் முன்மூடியைத் தூக்கினாள். உள்ளே ரேடியேட்டருக்குப் பின்னால் ஆறு இதழ் இரும்பு விசிறி.

"விசிறி இல்லாம கார் எப்படிம்மா ஓடும்?"

"வீட்டுக்கு இறக்கந்தானே. போய்க்கிட்டே இருந்தா ஓடும், நின்னாத்தான் கொதிக்கும். நிக்காதீங்க."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். ரேடியேட்டரையும் அறியாது. விசிறியும் வந்தது.

பட்டறையில் அவள் வெல்டிங் வைக்க, அவர் துளை போட்டார். முப்பத்தைந்து வருடம் பல்லில் துளை போட்ட கை, இம்மி பிசகவில்லை. கையப் பாரு, இத்தனை நாளா இத வச்சுக்கிட்டு அடுத்தவன் செஞ்சத வாங்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்களே என்று அவள் வாரினாள். ஆர்வில், வீல் கப்புகளை எந்தக் கோணத்தில் சாய்த்தால் வெயில் தோட்டம் முழுக்க அடிக்கும் என்று தரையில் சுண்ணக்கட்டியால் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தார். அவள் கொண்டுவந்து வைத்த சோள ரொட்டியில் ஈ உட்கார்ந்தது. அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

இரண்டரை மணிக்கு மரமனிதனை இறக்கிப் போர்வையில் சுற்றிக் காரின் பின்பக்கம் படுக்க வைத்தார்கள். புதியதை மேலே ஏற்றினார்கள். நல்ல காற்று அடித்தது. அது அசையவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோபித்த மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"வால் வைக்கலையே," என்றாள் வெர்லீன். "வால் இருந்தாத்தான் காத்துப் பக்கம் திரும்பும். சுத்தலேன்னா உங்க ஆளு திரும்ப மேல ஏறிடுவாரு, டாக்டரே. நான் சொன்னது சொன்னதுதான்."

அவள் தகரம் தேடிப் பட்டறைக்கு ஓடினாள். கீழே பள்ளத்தாக்கில் லாரி ஒன்று கியர் மாற்றி முனகுவது கேட்டது. ஆர்வில் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்த நிமிடம் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து நம்பர் தகட்டைத் திருகிக்கொண்டிருந்தார். சட்டமாவது ஒன்றாவது. அறுபத்து மூன்று வயதில் இருபதடி ஏணியில் ஏறி, ஒரு கையால் கம்பத்தைக் கட்டிப் பிடித்து, மறு கையால் தகட்டை வாலாக வைத்துப் போல்ட்டை முடுக்கினார்.

வால் காற்றை உணர்ந்தது. மெதுவாக முழுவதும் திரும்பியது. விசிறி ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு இதழே தெரியாத வேகம். வீல் கப்புகள் வெயிலை வாரி வாரித் தோட்டத்தில் எறிந்தன. செர்ரி மரங்களிலிருந்து குருவிகள் ஒரே மூச்சில் கிளம்பி மலைக்கு அந்தப் பக்கம் போயின. ஆர்வில் ஏணி உச்சியில் இருந்தபடி ஊளையிட்டார். கீழே வெர்லீன் பட்டறை வாசலில் நின்று கை தட்டினாள்.

அவர் இறங்கும்போது கிளெட்டஸின் லாரி வாசலில் நின்றது. கிளெட்டஸ் கைதேர்ந்த ஆள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் லாரிக் கதவைச் சாத்த மறந்துவிட்டார். மரமனிதன் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. அண்ணாந்தபடியே கம்பத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். இந்த மாதிரி வேலைப்பாடு எங்கேயும் பார்த்ததில்லை என்றார். ஆயிரத்து ஐந்நூறு என்றார். மூன்றாவது சுற்றில் இரண்டாயிரம் என்றார்.

"கம்பந்தான் என்னுது," என்றாள் வெர்லீன். "மேல இருக்கறது அவரு காரு. செஞ்சதும் அவருதான். அவரக் கேளுங்க."

கிளெட்டஸ் திரும்பி ஆர்விலைப் பார்த்தார். சட்டையெல்லாம் கிரீஸ், முட்டியில் கிழிசல், மூக்கில் கரி. அந்தப் பார்வை ஆர்விலுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ பேரை அவரே அப்படிப் பார்த்திருக்கிறார். அவர்கள் சொன்ன பதில்தான் இதுவரை புரிந்ததே இல்லை. எதற்கு இப்படிப் பிடிவாதம் என்று அவர்களைத் திட்டிக்கொண்டே திரும்பியிருக்கிறார்.

தலைக்கு மேலே அவருடைய கார் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இது விக்கறதுக்கு இல்லங்க," என்றார் ஆர்வில்.